உயிரிப்பொருளில் உயிர் எங்கே?

‘நீரிழிவு காயங்களை குணப்படுத்தும் உயிரிப்பொருட்கள்.’ மருத்துவமனைச் சுவரொட்டி, வார இதழின் உடல்நலப் பக்கம், யூடியூப் தலைப்பு என்று எங்கே பார்த்தாலும் இதே மாதிரி ஒரு வரி. நாலு சொல்லில் ‘நீரிழிவு’ ஒன்றுதான் தேறும். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் அந்த ‘உயிரிப்பொருளை’ இனிப் பொறுப்பதாக இல்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயிரிப்பொருள் என்பது ‘பயோமெட்டீரியல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு. அதில் ‘பயாஸ்’ கிரேக்கம். உயிர், வாழ்வு என்று பொருள். ‘மாத்தேரியா’ லத்தீன், முதலில் கட்டுமான மரத்தைக் குறித்து, பிறகு எல்லாப் பொருளுக்கும் ஆனது. 1986இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் அறிஞர்கள் கூடி ஒரு வரையறை வகுத்தார்கள்: மருத்துவச் சாதனத்தில் பயன்படுகிற, உயிருள்ள அமைப்புகளோடு உறவாட வேண்டிய, உயிரற்ற பொருள். ஆம், உயிரற்ற பொருள். அதற்குத்தான் நம்மவர்கள் உயிரிப்பொருள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தமிழில் ‘உயிரி’ என்றால் உயிருள்ளது. நுண்ணுயிரி, ஒட்டுண்ணி உயிரி என்றெல்லாம் சொல்லிப் பழகிய காதில் உயிரிப்பொருள் எப்படி விழும்? காத்திருப்புக் கூடத்தில் அந்தச் சுவரொட்டியைப் படித்த ஒரு பெரியவர் மகனிடம், “புண்ணுக்குள்ள ஏதும் புழு கிழு விடுவாங்களாடா?” என்று கேட்டார். சிரிக்க வேண்டாம். ஆறாப் புண்ணில் அழுகிய சதையை மட்டும் தின்ன வைக்கும் ஈப்புழுச் சிகிச்சை இருக்கத்தான் செய்கிறது. 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அதற்கு அனுமதி கொடுத்தது. உயிரிப்பொருள் என்ற பெயர் அந்தப் புழுவுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும்.

இன்னொரு சங்கடம். சர்க்கரைப் புண்ணில் கிருமிகள் கூட்டமாகத் திரண்டு வழவழப்பான ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும்; மருந்து அதற்குள் எளிதில் இறங்காது. பயோஃபிலிம் எனப்படும் இதை உயிரிப்படலம் என்கிறார்கள். அது சரி, அதில் உயிர் இருக்கிறது. ஆனால் ஒரே கட்டுரையில் உயிரிப்படலம் எதிரி, உயிரிப்பொருள் மருந்து என்று வந்தால் வாசகர் எதைப் பிடித்துக்கொள்வார்?

‘உயிரிகளிலிருந்து கிடைப்பதால் உயிரிப்பொருள்’ என்று சமாதானம் சொல்வோர் உண்டு. பாதிதான் சரி. தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் மாட்டிலிருந்தும் மீனிலிருந்தும், கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்தும், ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்தும் வருவது உண்மை. சிலிக்கோன்? டைட்டானியம்? யான்னாஸ், பர்க் என்ற இருவர் உருவாக்கிய இன்டெக்ரா என்ற செயற்கைத் தோலை எடுத்துக்கொள்வோம். கீழடுக்கில் மாட்டுக் கொலாஜனும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைச் சேர்மமும். மேலடுக்கு சிலிக்கோன் தாள். உடலின் செல்கள் கீழடுக்கில் குடியேறி, அதைக் கரைத்து, தம் சொந்தத் திசுவை நெய்துகொள்ளும். பிறகு தாளை உரித்துவிடலாம். தீக்காயத்துக்கு 1996இல் அனுமதி பெற்றது, 2016இல் சர்க்கரைக் கால்புண்ணுக்கும் பெற்றது. அந்தச் சிலிக்கோனும் பயோமெட்டீரியல்தான். அதன் பூர்வீகம் மணல்.

உயிருள்ள தோல் செல்களையே கொலாஜனில் வளர்த்துப் புண்மேல் ஒட்டுகிறார்களே என்றால், அங்கேயும் பயோமெட்டீரியல் அந்தக் கொலாஜன்தான். செல்லைச் செல் என்றே சொல்லலாம்.

‘பயோ’வைக் கண்டதும் ‘உயிரி’யை ஒட்டுவது மொழிபெயர்ப்பாளர்களின் கைப்பழக்கம். பயோகேஸ் நம் ஊருக்கு வந்தபோது யாரும் முன்னொட்டை அலசிக்கொண்டிருக்கவில்லை. தொட்டியில் என்ன கொட்டுகிறோம் என்று பார்த்துச் சாண எரிவாயு என்றார்கள். உயிர்வாயு என்று வைத்திருந்தால் ஆக்சிஜனோடு போய் முட்டியிருக்கும்.

என் தேர்வு ‘உடலிணக்கப் பொருள்’. எங்கிருந்து வந்தது என்பது இதற்குப் பொருட்டல்ல. உடலோடு இணங்கி வேலை செய்வதுதான் இலக்கணம். ஒரு பொருள் உடலுக்கு ஒத்துப்போகும் தன்மையான பயோகம்பாட்டிபிலிட்டிக்கு உடலிணக்கம் என்ற சொல்லும் கூடவே கிடைத்துவிடுகிறது. ‘மெய்யிசை பொருள்’ கேட்க அழகு. ஆனால் மெய்யெழுத்தும் சங்கீதமும் குறுக்கே வரும். எல்லாப் பொருளும் முழுதாக இணங்கிவிடுமா என்றால், இல்லைதான். பெயர் நோக்கத்தைச் சொல்கிறது, உத்தரவாதம் தரவில்லை.

மற்ற சொற்களுக்கு வருவோம். அடிபட்டால் காயம், ஆறாமல் நிற்பது புண். ஆகவே நீரிழிவுப் புண், பேச்சில் சர்க்கரைப் புண். ‘நீரிழிவு காயம்’ என்று ‘க்’கை விழுங்கி எழுதுவது தனிக் குற்றம். நோய் குணமாகும், புண் ஆறும். “புண் ஆறிடுச்சா?” என்றுதானே வீட்டில் கேட்கிறோம்? இந்தப் புண்ணின் கதையே ஆறாததுதான். நரம்பு மரத்துப்போனதால் செருப்பு கடித்தது தெரியாது, இரத்த ஓட்டம் போதாது, அழற்சி அடங்காது. கொலாஜனைச் சிதைக்கும் நொதிகள் அளவுக்கு மீறிச் சுரந்து, புதிதாக நெய்த திசுவையும் தின்றுவிடும். கொலாஜன் கட்டு வைப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது: நொதி அதைத் தின்னட்டும், சொந்தத் திசு பிழைக்கட்டும்.

செல்கள் ஏறி வேலை செய்யும் ஸ்கஃபோல்டை ஒரு மொழிபெயர்ப்புச் செயலி ‘தூக்குமேடை’ ஆக்கியிருந்தது. எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சாரம் என்று சொல்லியிருப்பார். டிரெஸ்ஸிங்கை ‘காய ஆடை’ ஆக்கியவர்களிடம் பேசிப் பயனில்லை.

நோயாளிக்குத் தரும் துண்டறிக்கையில் என் உடலிணக்கப் பொருளும் வேண்டியதில்லை. ‘மாட்டுக் கொலாஜனால் ஆன கட்டு’, ‘இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசான் கட்டு’ என்று நேராக எழுதலாம். மாட்டுப்பொருள் வேண்டாம் என்பவர் இருப்பார், இறால் ஒவ்வாதவர் இருப்பார். இரண்டு பேருக்கும் தெரிய வேண்டியதை உயிரிப்பொருள் என்ற சொல் மூடிவிடுகிறது.