'சாங்சுவரி சிட்டி': சரணாலய நகரமா, ஒத்துழையா நகரமா?

அமெரிக்கக் குடியேற்றச் செய்திகளில் 'சரணாலய நகரம்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. முதல் தடவை படித்தபோது எனக்குக் கொக்கும் நாரையும்தான் நினைவுக்கு வந்தன. ஆங்கிலத்தில் 'சாங்சுவரி சிட்டி' என்பதன் நேர் மொழிபெயர்ப்பு அது.

லத்தீனில் 'சாங்டுஸ்' என்றால் புனிதமானது. அதிலிருந்து வந்த 'சாங்டுவாரியும்', புனிதப் பொருட்களை வைக்கும் இடம். இடைக்கால இங்கிலாந்தில் குற்றவாளி ஒருவன் தேவாலயத்துக்குள் ஓடிப் புகுந்துவிட்டால் 40 நாள் வரை அவனை வெளியே இழுக்கக் கூடாது. அதற்குள் சரணடைய வேண்டும், இல்லாவிட்டால் நாட்டைவிட்டே போவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் அந்த உரிமை ஒழிந்தது, சொல் பிழைத்துக்கொண்டது.

1982-இல் அரிசோனாவின் டூசான் நகரத்துத் தேவாலயம் ஒன்று, எல் சால்வடார், குவாத்தமாலா போர்களிலிருந்து தப்பி வந்தவர்களுக்குத் தன்னைச் 'சாங்சுவரி' என்று அறிவித்தது. சான் பிரான்சிஸ்கோ 1985-இல் தீர்மானம் போட்டு, 1989-இல் அதைச் சட்டமாக்கியது. சொல் தேவாலயத்திலிருந்து நகராட்சிக்கு வந்த இந்த இடத்தில்தான் பொருள் நழுவுகிறது. தேவாலயம் ஆளை உள்ளே தங்கவைத்தது. நகரம் யாரையும் ஒளித்துவைப்பதில்லை.

பிறகு என்னதான் செய்கிறது? ஆவணமில்லாமல் குடியேறிய ஒருவர் சின்ன வழக்கில் கைதாகி உள்ளூர்ச் சிறையில் இருக்கிறார், விடுதலை நேரம் வந்துவிட்டது என்று வையுங்கள். "நாங்கள் வரும்வரை இன்னும் 48 மணி நேரம் பிடித்து வையுங்கள்" என்று மத்தியக் குடியேற்றத் துறை கேட்கிறது. இத்தகைய நகரங்கள் பல, நீதிபதியின் ஆணை இல்லாமல் அப்படிப் பிடித்து வைக்க மறுக்கின்றன. முக்கியமாக இதுதான். மத்திய அதிகாரிகள் தாங்களே வந்து பிடித்தால் நகரம் தடுக்க முடியாது.

இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர்க் காவல் தலைவர்களான ஷெரிப்கள் சோதிக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொன்னது. மொன்டானா, அரிசோனா ஷெரிப்கள் இருவர் வழக்குப் போட்டார்கள். உள்ளூர் அதிகாரிகளை மத்திய அரசு வேலை வாங்க முடியாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துப்பாக்கிச் சட்டத்தை எதிர்த்து வாங்கிய தீர்ப்பு இன்று குடியேறிகள் பக்கம் நிற்கும் நகரங்களுக்குக் கேடயம்! தென் கரோலினா 1832-இல் மத்திய வரிச் சட்டமே தன் எல்லைக்குள் செல்லாது என்றதே, அது வேறு கதை. அதைச் 'செல்லாதாக்கல்' எனலாம். இங்கே சட்டம் செல்லும். கைகொடுக்கத்தான் ஆள் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ் விவிலியத்தில் 'அடைக்கலப்பட்டணம்' என்ற அழகான சொல் இருக்கிறது: தெரியாமல் கொலை செய்தவன் ஓடிப்போய்த் தங்கும் ஊர். ஆனால் தமிழில் அடைக்கலம் லேசான வாக்கு அல்ல. சிலப்பதிகாரத்தில் அடைக்கலமாக வந்த கண்ணகியைக் காக்க முடியவில்லையே என்று ஆய்ச்சி மாதரி தீயில் இறங்கிவிடுகிறாள். எந்த நகராட்சியும் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. 'புகலிட நகர'த்துக்கும் இதே சிக்கல்தான்.

என் ஓட்டு 'ஒத்துழையா நகர'த்துக்கு. ஒத்துழையாமை நமக்குப் பழகிய சொல். துப்பாக்கிக் கட்டுப்பாடுகளுக்குத் துணைபோக மாட்டோம் என்று தங்களையும் 'சாங்சுவரி' என்று அழைத்துக்கொள்ளும் அமெரிக்க மாவட்டங்களுக்கும் அது பொருந்தும். துப்பாக்கிக்குச் சரணாலயம் என்றால் சிரிப்பு வரும். தலைப்பில் இடம் போதாது என்றும் சொல்ல முடியாது. எண்ணிப் பாருங்கள்: சரணாலய, ஒத்துழையா, இரண்டும் ஐந்தெழுத்து.