ஆலங்காய்க்குள் நுழையும் குளவி

பல்கலைக்கழக வளாகத்து மரங்களில் தகரப் பலகை தொங்கும். பெயர், தாவரவியல் பெயர், பூர்வீகம் எல்லாம் அதில் இருக்கும். அந்த மரம் யாரை நம்பி விதை வைக்கிறது என்பது மட்டும் இருக்காது. என்னைக் கேட்டால், மண்ணின் மரத்துக்கும் அழகுக்காகக் கொண்டுவந்து நட்ட மரத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசமே அதுதான்.

ஆல மரத்தடியில் விழுந்து கிடக்கும் காய் ஒன்றை பிளேடால் இரண்டாக நறுக்கிப் பாருங்கள். உள்சுவர் முழுக்கப் பொடிப்பொடியாகப் பூக்கள். 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். உண்மையில் அத்தியும் சரி, அதன் இனமான ஆலும் சரி, தவறாமல் பூக்கின்றன. பூவெல்லாம் உள்ளே இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

காயின் நுனியில் செதில் மூடிய சின்னத் துளை ஒன்று உண்டு. பூக்கள் பக்குவமானதும் காய் மணம் விடும். அதைப் பிடித்துக்கொண்டு எள்ளைவிடச் சிறிய பெண் குளவி வரும். துளை அவ்வளவு குறுகல் என்பதால், நெருக்கி நுழையும்போது இறக்கை பிய்ந்துவிடும். இனி வெளியே வர வழியில்லை. பிறந்த காயிலிருந்து சுமந்து வந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்க்கும், சில பூக்களில் முட்டையிடும், அங்கேயே செத்துப்போகும். முட்டை விழுந்த பூ குஞ்சுக்குத் தொட்டில். மற்ற பூக்களில் விதை. சில வாரங்களில் இறக்கையே இல்லாத ஆண் குளவிகள் முதலில் வெளிப்பட்டு, பெண்களோடு இணைந்து, காயின் சுவரைக் குடைந்து வழி திறக்கும். மகரந்தத்தோடு பறப்பவை பெண்கள் மட்டுமே. அவற்றின் ஆயுள் ஓரிரு நாள்.

ஆலுக்கு வேண்டிய குளவி அரச மரத்துக்கு உதவாது. இந்த இனத்தில் 750-க்கும் மேற்பட்ட மரவகைகள். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் குளவி. ஹவாய் தீவுகளில் அழகுக்காக நட்ட, ஆலின் இனமான கல் இச்சி மரங்கள், அதற்குரிய குளவி உடன் வராததால் விதையின்றி நின்றன. காடு வளர்க்க விதை வேண்டும் என்று 1938-இல் அந்தக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, சுவர் வெடிப்பிலும் கட்டட இடுக்கிலும் அது முளைக்க ஆரம்பித்தது.

அழகு மரங்கள் எல்லாம் இப்படி ஒருவரையே நம்புவதில்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த நாகலிங்கப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. பாம்புப் படம்போல் கவிந்த பகுதியில் இருப்பது வளமற்ற மகரந்தம், தின்பதற்கு. கீழே வளையமாக நிற்கும் மகரந்தத் தாள்களில் இருப்பதே வளமான மகரந்தம். அது தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். இந்த வேலைக்கு எந்த ஊர்ப் பெருந்தேனீயும் போதும்.

ஆலுக்கு அந்த வசதி இல்லை. ஒரு மரத்தின் காய்கள் பெரும்பாலும் ஒரே சமயத்தில் பக்குவமாகின்றன. அதிலிருந்து கிளம்பும் குளவிக்கு அந்த மரத்திலேயே இடம் இருக்காது. ஆகவே வளாகத்தில் தனியாக நிற்கும் ஆலின் பழத்தில் விதை இருந்தால், வேலிக்கு வெளியே எங்கோ இன்னொரு ஆல மரம் நிற்கிறது. அங்கிருந்துதான் குளவி வந்திருக்கிறது.