உடலுக்குள் உலோகம் இருப்பவர்களும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும்

உடலுக்குள் ஏதேனும் உலோகம் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுக்க வருபவர்களிடம் கேட்கும்போது, "டைட்டானியம்தான், ஒன்றும் செய்யாது" என்றோ, "போன தடவை எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்றோ பதில் வருவதுண்டு. கதிரியக்கப் பிரிவில் பணிபுரியும் எங்களால் இந்த இரண்டையும் நம்பி ஒருவரை உள்ளே அனுப்ப முடியாது. பொருத்தப்பட்ட கருவியின் பெயரும் மாடல் எண்ணும் எழுதப்பட்ட அட்டை வேண்டும்.

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் இருக்கும் 1.5 அல்லது 3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) வலிமையுள்ள காந்தம், ஸ்கேன் நடக்காத நேரத்திலும் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். மூளை இரத்தநாளத்தில் போடப்பட்ட பழைய வகைக் கிளிப் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகமாக இருந்தால், அதை இந்தக் காந்தம் திருகி நகர்த்திவிடக்கூடும். டைட்டானியத்தை அது அப்படி இழுக்காது என்பது உண்மையே. ஆனால் படம் பிடிப்பதற்காகச் செலுத்தப்படும் ரேடியோ அலைகள் நீண்ட கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டி, அவற்றின் நுனியைச் சூடாக்கக்கூடும். அதற்கு அந்த உலோகம் மின்சாரத்தைக் கடத்தினாலே போதும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரின் பெட்டியிலிருந்து இதயத்துக்குச் செல்லும் கம்பியான லீடின் நுனி, இதயத் தசையையே தொட்டுக்கொண்டிருப்பதால், அங்கே ஏறும் சூடு அற்பமான விஷயமல்ல.

அந்த அலையின் அதிர்வெண் 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸ். எவ்வளவு நீளமுள்ள கம்பி அதிகம் சூடாகும் என்பது இதற்கேற்ப மாறுவதால், ஒரு இயந்திரத்தில் பாதிப்பின்றி எடுத்தது இன்னொன்றுக்குச் சான்றாகாது. முழங்காலுக்கு எடுத்தது மார்புக்கும் சான்றாகாது.

இதைப் படித்துவிட்டு யாரும் தேவையான ஸ்கேனைத் தவிர்த்துவிடக் கூடாது என்பது என் கவலை. இதய ஸ்டென்ட், செயற்கை மூட்டு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். இன்றைய பேஸ்மேக்கர்கள் பலவற்றுக்கும், ஸ்கேனுக்கு முன் அமைப்பை மாற்றி, ஸ்கேன் முடியும்வரை இதயத் துடிப்பைக் கண்காணித்து, பிறகு பழைய அமைப்புக்கே திருப்பிவிடும் நிபந்தனையோடு அனுமதி உண்டு.

மிகவும் கவனிக்க வேண்டியது, "பேஸ்மேக்கரை எடுத்துவிட்டார்கள்" என்பவர்களைத்தான். உடை மாற்றும்போது காறை எலும்புக்குக் கீழே தெரியும் சிறு தழும்பைப் பார்த்து விசாரித்து எக்ஸ்ரே எடுத்தால், பெட்டி மட்டும் அகற்றப்பட்டு லீட் உள்ளேயே விடப்பட்டிருப்பது தெரியவரலாம். பெட்டியோடு இணைக்கப்படாத லீடின் நுனி அதிகமாகச் சூடாக வாய்ப்புண்டு. உலோகப் பட்டறையில் வேலை செய்து கண்ணில் துகள் பட்டவர்களும் அதைச் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குள் தங்கிய இரும்புத் துகள் நகர்ந்தால் பார்வையே போகலாம்.

அட்டை தொலைந்திருந்தால், அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியையோ அறுவை சிகிச்சைக் குறிப்பையோ ஸ்கேன் நாளுக்கு முன்பே கேட்டு வாங்கி எங்களிடம் காட்டுங்கள். அதுவும் கிடைக்காதபோது, சி.டி. அல்லது அல்ட்ராசவுண்ட் போதுமா என்று பரிந்துரைத்த மருத்துவரிடம் நாங்களே பேசுவோம்.