ஃபிக்ஸ்டு கியர் சைக்கிள்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணே, பெடலைப் பின்னுக்கு அழுத்தினா சும்மா சுத்துது" என்றார். அவரே பாகம் பாகமாகத் தேடிச் சேர்த்த ஃபிக்ஸ்டு கியர் சைக்கிள் அது, அதாவது பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் கூடவே சுற்றும் வகை. பழைய ஸ்டீல் ஃபிரேம், வேறொரு சைக்கிளின் ஃபோர்க், இன்னொன்றின் செயின்வீல் (பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரம்). கைவேலை சுத்தமாகவே இருந்தது. சக்கரத்தில் கோட்டம் இல்லை, செயினும் நேராக ஓடியது. பின்சக்கரத்தைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. சாதாரண ஃப்ரீவீல் ஹப்பில், அதாவது பெடல் நின்றாலும் சக்கரம் ஓடும் வண்டிக்கான நடு உருளையில், பல்சக்கரத்தைத் திருகி, மரையில் பசை தடவி, மேலே பெடல் அச்சின் கப்பை இறுக்கும் வளையத்தைப் பூட்டியிருந்தார். இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கக் காலால் பின்னுக்கு அழுத்தியிருக்கிறார். பல்சக்கரமும் வளையமும் சேர்ந்து கழன்றுவிட்டன. முன் பிரேக் கிடையாது.

நான் சைக்கிள் மெக்கானிக். ஒதுக்கிப் போட்ட பாகங்களைச் சேர்த்து ஒரு வண்டியை ஓட வைப்பதைப் போல எனக்குப் பிடித்த வேலை வேறு இல்லை. தினமும் வேலைக்குப் போய் வர ஃபிக்ஸ்டு கியர் நல்ல வண்டி. பாகங்கள் குறைவு, கெட்டுப்போக இடம் குறைவு, பராமரிப்பும் சுலபம். கையில் இருப்பதை வைத்துச் செய்யுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் இப்படிச் செய்து கொண்டுவரும் வண்டிகளில் ஒரே வகைத் தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

சாதாரண சைக்கிளில் செயினுக்கு ஒரே வேலை, சக்கரத்தை முன்னுக்கு இழுப்பது. காலை நிறுத்தினால் செயின் ஓய்ந்துவிடும். ஃபிக்ஸ்டு கியரில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலைப் பின்னுக்கு அழுத்தும்போது செயினின் கீழ்ப்பக்கம் விறைத்துச் சக்கரத்தைப் பிடிக்கிறது. அதாவது ஒரே செயின் இரண்டு திசையிலும் இழுக்கிறது. ஒரு பழைய பாகம் கைக்கு வந்தால், பின்னோக்கிய இந்த இழுப்பை அது தாங்குமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஹப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். ஃபிக்ஸ்டு கியருக்கென்று செய்த ஹப்பில் இரண்டு படியாக மரை இருக்கும். உள்ளே இருக்கும் பெரிய படியில் பல்சக்கரம் ஏறும், அது வலப்பக்கம் திருப்பினால் இறுகும் வழக்கமான வலது மரை. வெளியே இருக்கும் சிறிய படியில் பூட்டு வளையம் ஏறும், அது இடது மரை. பின்னுக்கு அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும். அப்போது அது வளையத்தையும் தன்னோடு திருப்பப் பார்க்கும். வளையத்தின் மரை எதிர்த்திசையில் இருப்பதால் அந்தத் திருப்பமே அதை இறுக்கிவிடுகிறது. ஃப்ரீவீல் ஹப்பில் இருப்பது ஒரே மரைதான், 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. பல பெடல் அச்சுக் கப்களின் வளையமும் அதே அளவில் வருவதால் அழகாகப் பொருந்திவிடும், அதுதான் ஆபத்து. இரண்டும் ஒரே திசை மரை என்பதால் பல்சக்கரம் கழலும்போது வளையமும் கூடவே கழன்று வரும். பசையை நம்பி இறக்கத்தில் இறங்காதீர்கள். வண்டி முழுவதையும் பழைய பாகங்களால் செய்தாலும், சரியான ஃபிக்ஸ்டு ஹப் போட்ட பின்சக்கரத்தை மட்டும் முழுதாக, முடிந்தால் புதிதாக வாங்கிவிடுங்கள். இருபுற ஹப் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் ஃபிக்ஸ்டு, மறுபக்கம் ஃப்ரீவீல், சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் போதும்.

அடுத்தது ஃபிரேம். பின் ஆக்சில் உட்காரும் வெட்டு கிடைமட்டமாக இருக்கிறதா, செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். கிடைமட்டமாக இருந்தால்தான் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இழுத்துக் கட்ட முடியும். செங்குத்து வெட்டு உள்ள ஃபிரேமில், கியர் சைக்கிளில் வருவது போன்ற ஸ்பிரிங் டென்ஷனர் போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். டென்ஷனர் இருப்பது செயினின் கீழ்ப்பக்கத்தில், பின்னுக்கு அழுத்தும்போது விறைப்பதும் அதே கீழ்ப்பக்கம்தான். முதல் அழுத்தத்திலேயே அது வளையலாம், உடைந்து ஸ்போக்ஸுக்குள்ளும் போகலாம்.

ஃபிரேமில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஃபிக்ஸ்டு ஹப்பின் அகலம் பெரும்பாலும் 120 மி.மீ. பழைய ரோடு சைக்கிள் ஃபிரேம்கள் 126 அல்லது 130 மி.மீ. இருக்கும். 126க்கு இருபுறமும் 3 மி.மீ. வாஷர் போட்டால் சரியாகிவிடும், ஆனால் நட்டு முழுவதும் ஏறுகிற அளவுக்கு ஆக்சிலில் நீளம் மிச்சம் இருக்க வேண்டும். ஸ்டீல் ஃபிரேமைச் சில மி.மீ. வளைத்துச் சரிசெய்ய முடியும். அலுமினியம், கார்பன் ஃபிரேம்களில் அந்த வேலையே கூடாது.

செயின் கழன்றால் சாதாரண சைக்கிளில் கையில் கொஞ்சம் கறை படும், அவ்வளவுதான். ஃபிக்ஸ்டு கியரில் கழன்ற செயின் ஹப்புக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சிக்கினால் பின்சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். அதனால்தான் செயின் நேர்க்கோட்டை இவ்வளவு வலியுறுத்துகிறேன். ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து பின் பல்சக்கரம் இருக்கும் தூரமும் செயின்வீல் இருக்கும் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபிக்ஸ்டு ஹப்களில் அது பொதுவாக 42 மி.மீ. முன்பக்கத்தை அளப்பது சுலபம். சீட் குழாயின் விட்டம் 28.6 மி.மீ. என்றால் பாதி 14.3. குழாயின் வெளிப்பரப்பிலிருந்து செயின்வீல் பல்லின் நடுவரை 27.7 மி.மீ. வந்தால் கணக்கு 42. ஒரு மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் செயின்வீலைக் கிராங்கின் (பெடலைத் தாங்கும் கை) உள்பக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது நீளம் வேறான பெடல் அச்சைத் தேடுங்கள்.

கலப்புப் பாகங்களில் செயின் அகலமும் ஏமாற்றும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அகலம் ஒரு வகை, முப்பத்திரண்டில் மூன்று பங்கு இன்னொரு வகை. அகலமான செயின் இரண்டு வகைப் பல்லிலும் ஓடும். குறுகலான செயின் தடித்த பல்லில் உட்காராது. செயினைப் புதிதாக வாங்கச் சொல்வேன். பழையதையே போடுவதென்றால் 12 முழுக் கண்ணிகளை (ஒரு கண்ணி ஓர் அங்குலம்) ஒரு ஆணியின் நடுவிலிருந்து இன்னொரு ஆணியின் நடுவரை ஸ்கேலால் அளந்து பாருங்கள், புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். 306.4ஐத் தாண்டிவிட்டால் போட வேண்டாம்.

இழுவை வைக்கும்போது பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பாருங்கள். எந்தச் செயின்வீலும் முழு வட்டமாக இருப்பதில்லை, ஓரிடத்தில் செயின் விறைக்கும், ஓரிடத்தில் தளரும். செயின்வீல் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, விறைக்கும் இடத்தில் செயினை லேசாகத் தட்டினால் வீல் நடுவுக்கு நகர்ந்து வரும். போல்ட்டை இறுக்கிவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். செயினின் நடுவில் மேலும் கீழும் சேர்த்து ஒரு செ.மீ. ஆட்டம் போதும். இந்த ஒரு வேலைக்கு நான் மற்ற எதையும்விட அதிக நேரம் கொடுப்பேன்.

முன் பிரேக். காலே பிரேக்தானே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேகம் குறையும்போது எடை முன்னுக்குச் சாய்கிறது, பின்சக்கரம் இலேசாகிறது. இலேசான சக்கரம் சறுக்கும், வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பின்சக்கரத்தை மட்டும் நம்பினால், நல்ல முன் பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டியிருக்கும். செயின் அறுந்தால் அந்தப் பாதியும் போய்விடும். பிரிட்டனின் 1983ஆம் வருட சைக்கிள் விதிகள் ஃபிக்ஸ்டு சக்கரத்தைப் பின் பிரேக்காக ஏற்றுக்கொண்டாலும், முன்சக்கரத்துக்குத் தனி பிரேக் இருந்தே ஆக வேண்டும் என்கின்றன. பிரேக் போடத் துளை இல்லாத ஃபோர்க் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தினசரி வண்டிக்கு வேண்டாம். துளை போட்டுக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள்.

பிரேக்குக்குப் போகும்போது சக்கர அளவையும் சரிபாருங்கள். 27 அங்குலச் சக்கரத்தில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., 700 சி சக்கரத்தில் 622. ஆரத்தில் 4 மி.மீ. வித்தியாசம், பிரேக் கட்டை ரிம்மை விட்டு டயரில் உரச அதுவே போதும். 26 அங்குலம் என்று எழுதியிருப்பதிலும் 559, 590 என்று வெவ்வேறு அளவுகள் உண்டு. டயரின் பக்கவாட்டில் 28-622 என்பது போல அச்சடித்திருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

சீட், சீட் கம்பி, பெடல், கிரிப், இதெல்லாம் பழசு போதும். சீட் கம்பி 0.2 மி.மீ. இடைவெளியில் பல அளவுகளில் வரும், கேலிப்பரால் அளந்து வாங்குங்கள். பழைய அலுமினியக் கிராங்கிலும் ஹேண்டில்பாரிலும் மட்டும் கவனம் வேண்டும். கிராங்கில் பெடல் ஏறும் துளையைச் சுற்றியும், ஹேண்டில்பாரை ஸ்டெம் (அதை ஃபோர்க்கோடு இணைக்கும் பாகம்) பிடிக்கும் இடத்திலும் நன்றாகத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். வளைவில் சாயும்போதும் பெடல் நிற்காது என்பதால் கிராங்க் நீளம் 165 மி.மீ. கிடைத்தால் நல்லது, தரையில் இடிக்கும் வாய்ப்பு குறையும்.

பல் கணக்கில் ஆசைப்பட வேண்டாம். முன்னே 42, பின்னே 16 பல் என்றால் 28 மி.மீ. டயரில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.6 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு 20 கி.மீ., 90 சுற்றில் 30 கி.மீ. வேலைக்குப் போக இது தாராளம். பெரிய கியரில் வண்டியைக் கிளப்புவது கஷ்டம், காலால் பிடித்து நிறுத்துவது அதைவிடக் கஷ்டம்.

அப்புறம் விரல்கள். இதைச் சொல்லாமல் யாருக்கும் நான் வண்டியைக் கொடுப்பதில்லை. ஸ்டாண்டில் ஏற்றிப் பெடலைச் சுற்றிவிட்டு, ஓடும் செயினைத் துணியால் துடைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். ஃபிக்ஸ்டு கியரில் துணி பல்லில் மாட்டினால் சக்கரத்தின் முழு வேகமும் கையை உள்ளே இழுக்கும், இடையில் நிற்காது. விரல் துண்டாகும் விபத்து இது. சக்கரத்தை நிறுத்துங்கள், எட்டும் அளவு துடையுங்கள், கையை எடுங்கள், கொஞ்சம் திருப்புங்கள், மறுபடி துடையுங்கள். எண்ணெய் விடும்போதும் இப்படித்தான். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சக்கரம் சுற்றும்போது அவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள். ஓட்டும்போது பேன்ட் காலை மடித்துக் கட்டுங்கள், ஷூ கயிற்றின் நுனியை உள்ளே செருகிவிடுங்கள்.

பல்சக்கரம் ஏற்றும் முன் மரையில் கிரீஸ் தடவி, செயின் விப்பால் (செயின் துண்டு பொருத்திய கைக்கருவி) முழு பலத்தில் இறுக்கி, பிறகு வளையத்தைப் பூட்டுங்கள். முதல் நாள் காலால் பிரேக் பிடிக்க வேண்டாம். முன் பிரேக்கை மட்டும் பயன்படுத்தி ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதியுங்கள். பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் உட்காரும், வளையம் தளர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து வளையத்தை மறுபடி இறுக்குங்கள். ஆக்சில் நட்டுகளையும் செயின் இழுவையையும் அப்போதே ஒரு தடவை பாருங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை.

அந்தத் தம்பியின் வண்டியில் பின்சக்கரத்தை மாற்றி, முன் பிரேக் ஒன்றும் போட்டுக் கொடுத்தேன். மற்றதெல்லாம் அவர் சேர்த்தபடியே இருக்கிறது. அதில்தான் இப்போது வேலைக்குப் போய் வருகிறார்.