நாலாவது தடவை முன்னால் வந்த அம்மா

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சிறிய சபையில் போதகராக இருக்கிறேன். ஒரு ஞாயிறு ஆராதனையின் முடிவில் வழக்கம்போல, "ஆண்டவரை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று அழைத்தேன். ஒரு அம்மா எழும்பி வந்தார். அந்த வருடம் அவர் அப்படி வந்தது நாலாவது தடவை.

ஜெபம் முடிந்தபின் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "அம்மா, நீங்கள் ஞானஸ்நானம் எடுத்தே 3 வருசமாச்சு. ஏன் திரும்பவும்?"

"போன தடவை சரியா ஏற்றுக்கொள்ளேல்லையோ எண்டு பயமா இருக்கு பாஸ்டர். அதுதான் பிள்ளை இன்னும் வரேல்லை."

போர் முடிந்த 2009இல் காணாமற்போன மகன். விசுவாசம் இருந்தால் மகன் வருவான் என்று யாரோ ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். மகன் வரவில்லை. அப்படியென்றால் தன் விசுவாசத்தில்தான் பிழை என்று அவர் முடிவெடுத்துவிட்டார். (அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.)

அன்றிரவு என் பிரசங்கக் கொப்பிகளை எடுத்துப் புரட்டினேன். பத்துக்கு எட்டு, இரட்சிப்பின் அழைப்பு. கேட்டுக்கொண்டிருந்தவர்களோ பெரும்பாலும் ஏற்கனவே இரட்சிக்கப்பட்ட அதே முகங்கள். துக்கத்தில் ஆண்டவரிடம் புலம்பி ஜெபிப்பதைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை. சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புலம்பல். 88ஆம் சங்கீதம் கூப்பிடுதலோடு தொடங்கி இருளிலேயே முடிகிறது. பிள்ளையைத் தேடும் தாய்மார் இருக்கிற சபையில் அதை ஒருநாளும் நான் திறக்கவில்லை.

சுவிசேஷம் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. முகாமிலிருந்து வெறுங்கையோடு ஊர் திரும்பிய சனத்துக்கு நம்பிக்கையின் செய்திதான் முதலில் தேவைப்பட்டது, இன்றும் தேவை. ஆனால் எங்கள் கமக்காரரைப் பாருங்கள். காலபோகத்துக்கு (மாரி நெற்செய்கைக்கு) விதைத்த வயலுக்குள்ளேயே கிழமைக்குக் கிழமை திரும்ப விதைக்கிறவர் யாராவது இருக்கிறாரா? விதைத்தபின் களை, பசளை, தண்ணீர் என்று வேலை மாறிவிடும். விதைக்காத காணிக்குத்தான் அடுத்த விதைநெல். நாங்களோ முளைத்த பயிருக்கு மேல் விதையைக் கொட்டிக்கொண்டு, பக்கத்துத் தரிசு நிலத்தை மறந்துவிடுகிறோம்.

வேதத்தில் சுவிசேஷம் சொல்வதும் உபதேசித்து வளர்ப்பதும் பிரிந்ததே இல்லை. மத்தேயு 28இல் சீஷராக்கும் கட்டளைக்குள்ளேயே உபதேசிக்கும் கட்டளையும் இருக்கிறது. அப்போஸ்தலர் 2இல் ஒரே நாளில் ஏறக்குறைய 3,000 பேர் சேர்கிறார்கள். அடுத்த வசனமே அவர்கள் அப்போஸ்தலருடைய உபதேசத்தில் உறுதியாய் நின்றதைச் சொல்கிறது. ஊர் ஊராய் அலைந்த பவுலே கொரிந்துவில் ஒன்றரை வருடம் தங்கிக் கற்பித்தார். எபேசுவில் திறன்னு என்பவரின் வித்தியாசாலையில் 2 வருடம், அதுவும் நாள்தோறும்.

சரி, நாங்கள் என்ன மாற்றினோம்? ஞாயிற்றுக்கிழமை வேதத்தின் ஒரு புத்தகத்தை எடுத்துத் தொடர்ச்சியாகப் படிப்பிக்கத் தொடங்கினோம். மாற்கில் தொடங்கினோம், 16 அதிகாரம்தானே. அழைப்பை விடவில்லை, ஆனால் புதியவர்கள் இருக்கும் நாளில் மட்டும். சுவிசேஷ ஊழியம் வீடுகளுக்கு நகர்ந்தது. சுகமில்லாதவர் வீடு, செத்தவீடு, நுண்கடன்காரர் வந்து நிற்கிற வீடு. அங்கே பிரசங்கத்துக்கு முதல் கூட இருந்து கேட்பதுதான் வேலை.

புதன் பின்னேரம் வேதபாடம். முதல் மாதங்களில் ஆட்கள் குறைந்தார்கள் என்பது உண்மை. கைதட்டலும் கண்ணீரும் இல்லாத கூட்டம் சிலருக்குச் சப்பென்று இருந்தது. அறுவடைக் காலத்தில் வயலை விட்டு யாரும் வரமுடியாது என்பதும் பிந்தித்தான் எனக்கு விளங்கியது. மாசி, பங்குனியில் இப்போது நேரத்தை இரவுக்கு மாற்றிவிடுகிறோம்.

அப்படி ஒரு புதன்கிழமைதான் 88ஆம் சங்கீதத்தை வாசித்தோம். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மா, "இப்பிடியும் ஜெபிக்கலாமோ பாஸ்டர்?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா, இதுவும் வேதத்திலை இருக்கிற ஜெபம்தான். பிள்ளை வராததுக்கு உங்கடை விசுவாசம் காரணமில்லை" என்றேன். இதை மூன்று வருடத்துக்கு முன்பே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

தனியாக மூன்று கிராமம் பார்க்கிற போதகருக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஊழியக்காரர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் புதிதாக ஞானஸ்நானம் எடுக்கும் ஒவ்வொருவரோடும் மூத்த விசுவாசி ஒருவரைச் சேர்த்துவிடுகிறோம். இந்த வருடம் இரண்டு பெண்களோடு மாற்கு வாசிப்பது அந்த அம்மாதான். கண்ணாடியை மறந்துவிட்டு வந்த நாளில் பேரப்பிள்ளை வாசிக்கும், அவர் விளக்கம் சொல்லுவார்.