பர்ன்அவுட்: தமிழில் எப்படிச் சொல்வது?

2021 மே மாதம். பெங்களூரில் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். டூட்டி முடிந்து வந்தால் துணியை வாசல் வாளியிலேயே ஊறப்போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். மணிக்கணக்கில் இரட்டைக் கையுறைக்குள் வியர்த்த விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். ஒருநாள் படியில் உட்கார்ந்து சொன்னார்: "மூணு நாள் லீவு குடுத்தாங்க கண்ணு. நல்லாத்தான் தூங்கினேன். எழுந்தா அப்படியேதான் இருக்கு. பேஷண்ட் பேரு மனசுல நிக்கல, பெட் நம்பர்தான் நிக்குது. ஓஞ்சு போயிட்டேன்."

இதைத்தான் பர்ன்அவுட் என்கிறார்கள். எரிபொருள் தீரும்வரை எரிந்து அணைந்துபோவது என்பது நேர்ப்பொருள். போதைப்பழக்கத்தில் உருக்குலைந்தவர்களைக் குறிக்க அமெரிக்கப் பேச்சுவழக்கில் இது புழங்கியது. நியூயார்க்கின் இலவச கிளினிக் ஒன்றில் தொண்டு செய்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், தனக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் நேர்ந்ததைச் சொல்ல அதே சொல்லை எடுத்துக்கொண்டு 1974இல் கட்டுரை எழுதினார். அதாவது, நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களைப் பற்றித்தான் இது முதலில் துறைச்சொல்லானது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செய்யும் வேலையில் திறன் குறைதல். பெயர் மறந்து பெட் நம்பர் நிற்பது அந்த இரண்டாவதுதான். இன்னொன்றையும் தெளிவாகச் சொன்னது: இது நோய் அல்ல, வேலையிடத்தில் தீராமல் நீடிக்கும் அழுத்தத்தின் விளைவு.

சரி, தமிழில்? 'எரிந்துபோதல்' ஒட்டவில்லை. நமக்கு எரிந்து விழுவதும் எரிச்சலும் கோபம்தான். 'மனச்சோர்வு' டிப்ரஷனுக்கு நிலைத்துவிட்டது. இரண்டையும் குழப்பினால் உண்மையில் சிகிச்சை தேவைப்படுபவருக்கு ஆபத்து. மிச்சம் இருப்பது 'பணிச்சோர்வு'. எல்லோருக்கும் புரியும், ஆனால் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சோர்தல் என்றால் தளர்தல், நழுவுதல். பொச்சாவாமை அதிகாரத்தின் முதல் குறளில் 'மகிழ்ச்சியின் சோர்வு' என்று வருவது மறதி, கடமையில் தவறுவது. அந்த நிழல் இன்னும் போகவில்லை. "வேலையில சோர்வா இருக்கா" என்றால் குறை அவள்மேல் விழுகிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்றவளை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்கா சொன்ன சொல்லே பொருத்தம் என்பேன்: ஓய்ந்துபோதல். மழை ஓய்கிறது, சத்தம் ஓய்கிறது, கையும் காலும் ஓய்கின்றன. ஓயாமல் உழைத்தவர்தான் ஓய்ந்துபோவார், அவருக்குத் தரவேண்டிய ஓய்வும் அதே வேரில்தான் இருக்கிறது. மூன்று நாள் லீவு அந்த ஓய்வு ஆகாது. ஆள் எண்ணிக்கை, டூட்டி நேரம், வார்டில் ஒருவர் இறந்தபின் உட்கார்ந்து பேச ஓர் இடம் எல்லாம் அதில் சேரும். ஒரு கவனம்: 'பணி ஓய்வு' என்று சுருக்கினால் ரிட்டயர்மென்ட் ஆகிவிடும். அதனால் 'பணியில் ஓய்ந்துபோதல்' என்று முழுதாகவே எழுதலாம்.

அப்புறம், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் உதவி எண் 14416. நம் பெங்களூரின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ்தான் அதற்குத் தலைமை மையம். மொழித் தேர்வில் தமிழும் உண்டு. பர்ன்அவுட் என்ற சொல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, "ஓஞ்சு போயிட்டேன்" என்று தொடங்கினாலே போதும்.