புது ஹெச்டி டிவி வந்த முதல் வாரம்: ஒரு டிவி மெக்கானிக் பார்த்தவை

போன மாதம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். டிவி வாங்கி நாலு நாள்தான் ஆகிறதாம், படம் மங்கலாக இருக்கிறதாம், பழைய டிவியே மேல் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்களாம். "தம்பி, கடையில அவ்வளவு பளிச்சுன்னு காட்டுனாங்க, இங்க வந்ததும் இப்படி இருக்கு, மாத்திக் குடுத்துட்டாங்களோ?" என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அது அவர்கள் வீட்டுக்கு வந்த முதல் ஹெச்டி டிவி, ரெண்டு வருஷம் சீட்டுப் போட்டு வாங்கியது.

போய்ப் பார்த்தேன். 43 அங்குலம், ஃபுல் ஹெச்டி, நல்ல டிவி. செய்தி வாசிப்பவரின் முகம் மட்டும் இரண்டு பக்கமும் இழுத்துவிட்ட மாதிரி அகலமாகத் தெரிந்தது. டிவிக்குப் பின்னால் கைவிட்டுத் தடவினேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை உள்ள பழைய வயர். பழைய பெட்டி டிவியில் இருந்ததைப் பிடுங்கி, அதே மாதிரி ஓட்டை இதிலும் இருக்கிறதே என்று சொருகியிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் 22 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். டிவி கெட்டுப்போய் வரும் அழைப்புகளில் நிறைய, டிவியின் கோளாறே இல்லை. பழைய பெட்டியை வைத்திருந்த பழக்கத்திலேயே புதியதையும் வைத்துக்கொள்கிறோம், அதுதான் சிக்கல். இது வேறு சாதனம். வந்த முதல் வாரத்திலேயே சிலதைச் சரிசெய்துகொண்டால் பல வருஷம் உழைக்கும்.

முதலில் அந்த வயர். மஞ்சள் முனை வழியாகப் பழைய தரத்துப் படம் மட்டும்தான் போகும், 720க்கு 576 புள்ளிகள், மொத்தம் 4 லட்சத்துச் சொச்சம். ஃபுல் ஹெச்டி திரையில் 1920க்கு 1080, அதாவது 20 லட்சத்துக்கு மேல். 4 லட்சம் புள்ளிப் படத்தை 20 லட்சம் புள்ளித் திரையில் இழுத்து விரித்தால் மங்கலாகத்தான் தெரியும். பழைய 21 அங்குலத் திரையில் அதே படம் சின்னதாக இருந்ததால் குறை கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். ஆக, ஹெச்டி படம் வேண்டுமென்றால் டிவி மட்டும் போதாது. செட்டாப் பாக்ஸும் ஹெச்டி பாக்ஸாக இருக்க வேண்டும், நடுவில் படமும் சத்தமும் ஒன்றாகப் போகும் எச்டிஎம்ஐ வயர் போக வேண்டும், பார்க்கிற சேனலின் ஹெச்டி பதிப்பும் பேக்கில் இருக்க வேண்டும். சன் டிவியின் ஹெச்டி சேனல் 2011 கடைசியிலேயே வந்துவிட்டது, ஆனாலும் ஹெச்டி டிவி வைத்துக்கொண்டு இன்னும் சாதாரண சேனலையே பார்க்கிற வீடுகள் நம் ஊரில் ஏராளம். கேபிள்காரரிடம் கேட்டு வாங்குங்கள், மாதம் கொஞ்சம் கூட ஆகும். எல்லாம் மாற்றியும் படம் தெளியவில்லை என்றால் பாக்ஸின் செட்டிங்கைத் திறந்து பாருங்கள், சில பாக்ஸ் 576லேயே நிற்கும், 1080க்கு மாற்றிவிட வேண்டும். எச்டிஎம்ஐ வயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை, செட்டாப் பாக்ஸுக்கு 1 மீட்டர் சாதாரண வயர் போதும்.

முகம் அகலமாகத் தெரிந்ததற்குக் காரணம், சதுரமான பழைய படத்தை நீளத் திரை முழுக்க இழுத்து வைத்திருந்தது. பழைய படங்கள் ஓடும்போது இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை வந்தால் இருக்கட்டும், விட்டுவிடுங்கள். அந்தப் பட்டையைக் காசு கொடுத்த திரை வீணாகிறது என்று நினைத்து இழுக்கிறவர்கள் நிறைய. ஆட்களின் உடம்பையும் முகத்தையும் கோணலாகப் பார்த்துப் பழகுவதைவிட அது மேல்.

அப்புறம் இந்தப் பளிச். கடையில் டியூப்லைட் வெளிச்சத்துக்கு நடுவே பத்து டிவி வரிசையாக நிற்கும். அங்கே கண்ணை இழுக்க வேண்டும் என்பதற்காகவே டிவிக்குள் கடை மோடு என்று ஒன்று இருக்கிறது. முதல் தடவை ஆன் செய்யும்போது வீடா கடையா என்று கேட்கும், அவசரத்தில் கடை என்று அழுத்திவிடுகிறோம். விவிட், டைனமிக் என்று பெயர் வைத்திருப்பதும் கிட்டத்தட்ட அதே கதைதான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அதைப் பார்த்தால் கண் எரியும், தோல் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதைவிட முக்கியம், திரைக்குப் பின்னால் இருக்கிற எல்இடி பட்டைகள் முழு வேகத்தில் எரிந்து சூடாகிச் சீக்கிரம் போய்விடும். சத்தம் வருகிறது, படம் இல்லை என்று என்னைக் கூப்பிடுகிற வீடுகளில் நான் முதலில் செய்வது, அறையை இருட்டாக்கி மொபைல் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் பிடிப்பதுதான். உள்ளே நிழல் மாதிரி படம் ஓடிக்கொண்டிருக்கும். படம் காட்டும் பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட் என்கிற பின்விளக்கு மட்டும் போய்விட்டது என்று அர்த்தம். ஸ்டாண்டர்டு அல்லது சினிமா மோடில் வைத்து, பேக்லைட்டைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துங்கள். ரெண்டு நாள் மங்கலாகத் தோன்றும், மூன்றாம் நாள் பழகிவிடும். ஷார்ப்னஸையும் குறையுங்கள். சினிமா பார்த்தால் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்றால் மோஷன் என்ற பெயரில் வரும் செட்டிங்கை அணையுங்கள்.

இனி சொல்லப்போவது படம் சம்பந்தப்பட்டது இல்லை. தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

பெட்டி டிவி கனமானது, எளிதில் அசையாது. இந்த டிவி லேசானது, அகலமானது, இரண்டு ஓரத்திலும் மெல்லிய கால். அதை நாம் வைப்பது பழைய டிவி நின்ற அதே சின்ன மேசையில், கால்கள் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் ஸ்டாண்டை மாற்றப் போனபோது மூன்று வயதுக் குழந்தைக்கு மோவாயில் நாலு தையல். கார்ட்டூனில் வந்த பூனையைத் தொடுவதற்காக மேசையின் இழுப்பறையில் கால் வைத்து ஏறி, திரையின் மேல் விளிம்பைப் பிடித்திருக்கிறது. டிவி அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டது. மோவாயோடு போனது, கண்ணில் பட்டிருந்தால்? அந்த அம்மா உடைந்த டிவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டிவியின் முதுகில் நாலு திருகு ஓட்டைகள் இருக்கும். சுவரில் மாட்டாதவர்கள் அதில் இரண்டில் ஒரு பட்டையைத் திருகிச் சுவரோடு இழுத்துக் கட்டிவிடுங்கள். ரிமோட்டையும் பொம்மையையும் டிவிக்கு மேலேயோ பக்கத்திலேயோ வைக்காதீர்கள், அதை எடுக்கத்தான் பிள்ளைகள் ஏறுவார்கள்.

சுவரில் மாட்டுகிறவர்கள் ஸ்விட்ச்போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ட்ரில் போட விடாதீர்கள், வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் மாட்ட வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், திருகுக்காகச் சுவருக்குள் சொருகும் சாதாரண பிளக் அதில் பிடிக்காது. உயரம் பற்றியும் ஒன்று. நம் வீடுகளில் பாதிப் பேர் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிறோம், டிவியோ நிலைப்படி உயரத்தில் தொங்குகிறது. அண்ணாந்து பார்த்தால் கழுத்தும் வலிக்கும், கீழிருந்து பார்க்கும்போது பல பேனல்களில் நிறமும் வெளிறும். எல்லோரும் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள், கண் மட்டத்தில் சுவரில் ஒரு பென்சில் கோடு போடுங்கள், திரையின் நடுப்பகுதி அதற்குப் பக்கத்தில் வரட்டும்.

மழைக்காலம் வந்தால் என் கடையில் போர்டு போன டிவிகள் குவியும். கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி மின்னல் அதிகம். "ஸ்விட்சை அணைச்சுத்தான் வச்சிருந்தேன் அண்ணாச்சி, எப்படிப் போச்சு?" என்பார்கள். மின்னல் உங்கள் வீட்டில் விழ வேண்டியதில்லை, தெருவில் எங்கோ விழுந்தாலும் கேபிள் வயரில் பாய்ந்து, செட்டாப் பாக்ஸுக்குள் போய், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவியின் மெயின் போர்டுக்கு வந்துவிடும். கரண்ட் பக்கம் எவ்வளவு விலையில் ஸ்டெபிலைசர் வைத்திருந்தாலும் இந்த வழியை அது தடுக்காது. வானம் கறுக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள், கேபிள் வயரையும் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். தலைக்கு மேல் இடி ஆரம்பித்த பிறகு எந்த வயரையும் தொடாதீர்கள், டிவி போனாலும் பரவாயில்லை.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறைந்த வோல்டேஜுக்காக என்றால் தேவையில்லை, இப்போதைய டிவிகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். ஆபத்து அதிக வோல்டேஜில்தான். தெருக் கம்பத்தில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், கட் ஆனால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைக்கும் ஏறலாம். ஒரே தெருவில் ஆறு டிவியைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறேன், எல்லாவற்றிலும் பவர் போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி இருக்கும், அதிக வோல்டேஜைத் தாங்கிக்கொள்ள வைத்த வேரிஸ்டர் வெடித்துக் கருகிக் கிடந்தது. அதிக வோல்டேஜ் வந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் சாதனமாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் சில விளக்குகள் திடீரென்று கூடுதலாக எரிந்து, சில மங்கினால், காரணம் யோசிக்காமல் மெயினை அணையுங்கள்.

துடைக்கிற விஷயத்தில்தான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஒரு ஆச்சி, பேரன் வாங்கிக் கொடுத்த டிவியை ஈரத்துணியால் ஆசையாகத் துடைத்து, திரையின் கீழ் விளிம்பில் சந்தனம் குழைத்து மூன்று பொட்டு வைத்திருக்கிறார். பெட்டி டிவிக்கு அப்படித்தானே செய்தார்கள், அது கண்ணாடி, ஒன்றும் ஆகவில்லை. இதில் தண்ணீர் திரையில் வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கும். பல டிவிகளில் அங்கேதான் பேனலோடு ஒட்டிய முடி போன்ற இணைப்புகள் இருக்கின்றன. அடுத்த வாரம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வந்துவிட்டது. பேனல் மாற்ற ஆகும் செலவில் கிட்டத்தட்ட இன்னொரு டிவி வாங்கலாம் என்று அந்த ஆச்சியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பேரனிடம்தான் சொன்னேன். பொட்டு வைக்க வேண்டுமென்றால் ஸ்டாண்டிலோ மேசையிலோ வையுங்கள். திரைக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும், அழுத்தாமல், டிவியை அணைத்து ஆறவிட்ட பிறகு. கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகள் எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பது டாக்டர்கள் சொல்ல வேண்டியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. தூரம் மட்டும் நான் சொல்கிறேன், 43 அங்குலத்துக்கு ஆறேழு அடியாவது விடுங்கள்.

கடைசியாகப் பழைய பெட்டி. நிறைய வீட்டுப் பரணில் 2006இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த 14 அங்குல டிவி இன்னும் இருக்கிறது. பழைய இரும்புக்குப் போட்டால், உள்ளே இருக்கும் பிக்சர் டியூபின் கழுத்தில் சுற்றியிருக்கும் செப்புக் கம்பிக்காக அதைக் கல்லால் அடித்து உடைப்பார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைத்த தூள் தெருவிலும் வாய்க்காலிலும்தான் போய்ச் சேரும். புது டிவி வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்சில் எடுப்பார்களா என்று கேளுங்கள், நூறு இருநூறுதான் கொடுத்தாலும் சம்மதித்துக் கொடுத்துவிடுங்கள். பின் மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கின பிறகும் டியூபுக்குள் சார்ஜ் நிற்கும். பரணிலிருந்து இறக்கும்போது இரண்டு பேராக இறக்குங்கள், கண்ணாடிப் பக்கத்தை உங்கள் நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள், கனம் முழுக்க அந்தப் பக்கம்தான்.